பனியில் நடந்தவள்

எண்பத்தைந்தின் குளிர்காலம். டென்மார்க்கின் விபோர்க் நகருக்குப் புதிதாக வந்திருந்த நம் தமிழ் அகதிகளுக்கு ஜெபக்கூட்டம் நடத்தக் குடும்பமாகக் காரில் புறப்பட்டோம்.

“இஞ்சாருங்கோ, பெற்றோல் காணாது,” என்றாள் மனைவி.

“ஊழியத்துக்கெல்லோ போறம். கர்த்தர் கொண்டுபோய் விடுவார்.”

வானமும் வயலும் ஒரே வெள்ளையாய்க் கலந்த இடத்தில் பெற்றோல் தீர்ந்து கார் நின்றுவிட்டது. மகள் குளிரில் நடுங்கினாள். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். மனைவியோ இறங்கி, பனியில் கால் புதையப் புதைய நடந்துபோய், ஒரு டெனிஷ் விவசாயியைப் பெற்றோலுடன் அழைத்து வந்தாள்.

கூட்டத்தில் எழுந்து, “நான் ஜெபிச்சன், கர்த்தர் ஆள் அனுப்பினார்,” என்று சாட்சி சொன்னேன்.

“கர்த்தர் அனுப்பினது அம்மாவைத்தானே, அப்பா?” என்றாள் மகள்.

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் தலைகுனிந்து, ஈரக் காலுறையணிந்த கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் நடந்ததை மறைத்துச் சாட்சி சொன்ன வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் ஜெபிக்கிறேன். சாட்சி சொல்லும்போது அவள் பெயரை விழுங்குவதில்லை.