விற்காமலிருக்க தாய்ஸ்தோ பட்ட பாடு

‘சிற்றூரில் ஏரியோரம் அழகான குடும்ப வீடு விற்பனைக்கு’ என்று தரகர் மிர்வா விளம்பரம் கொடுத்திருந்தாள். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் கூரைமேல் ஏற வேண்டும். அழகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தாய்ஸ்தோ தன் மஞ்சள் மரவீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார்.

மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவர் எதையும் புகழ்ந்ததாகக் கேவுரு ஊரில் சாட்சி கிடையாது. கல்யாணத்தன்று மணப்பெண் ராய்லியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல” என்றார். பின்லாந்துக்காரன் வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. ராய்லி இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

இப்போது அவளுக்கு முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை, லிப்ட் உள்ள அடுக்ககத்துக்குப் போகலாம் என்றாள். தாய்ஸ்தோ “சரி” என்றார். ஆனால் அந்த வீட்டைவிட்டு நடந்து வெளியேறும் உத்தேசமே அவருக்கு இல்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. மனைவியிடம் அதைச் சொல்லத் தைரியமும் இல்லை. ஆகவே, வாங்க வருகிறவர்களிடம் உண்மை பேசுவது என்று முடிவெடுத்தார்.

வீடு காட்டும் ஞாயிறுகளில் மிர்வா ஏலக்காய் ரொட்டி சுட்டு வீட்டை மணக்கவைப்பாள். வீட்டுக்காரர்கள் அந்த நேரம் வெளியே போய்விட வேண்டும். ராய்லி ஒழுங்காகக் காரில் போய் உட்கார்ந்துகொள்வாள். தாய்ஸ்தோவோ வழிகாட்டியாகிவிடுவார்.

“நிலவறையில தண்ணி வரும்.”

“எப்பவோ ஒரு தடவைதானே?” என்று மிர்வா சிரிக்கப் பார்ப்பாள்.

“வருஷா வருஷம். தவறினதே இல்ல. மாடி ஜன்னல்ல காத்து புகும். எலி வாடகை தராம குடியிருக்கு.”

வந்தவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

“காலமெல்லாம் வாயத் திறக்காத மனுஷன், இப்ப மட்டும் இவ்வளவு பேச்சு எங்கேர்ந்து வருது?” என்பாள் ராய்லி.

“பொய் சொல்லச் சொல்றியா?” என்பார் யோக்கியர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சானா என்ற இளம்பெண் கணவனோடு வந்தாள். நிலவறை, ஜன்னல், எலி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் சவுனாவின் கதவைத் திறந்தாள்.

வீடு எழும்புவதற்கு முன்பே தாய்ஸ்தோ தன் கையால் கட்டிய ஆவிக் குளியலறை அது. முதல் குளிர்காலம் முழுக்க அவரும் ராய்லியும் அதற்குள்தான் குடித்தனம் நடத்தினார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக இழைத்தவர் அவர்.

“இதுல என்ன குறை?” என்றாள் சானா.

அடுப்பில் விரிசல் என்று ஒரு பொய் போதும், வீடு தப்பித்துவிடும். அவர் வாயைத் திறந்தார். மேல் பலகையைக் கையால் தடவினார்.

“பரவாயில்ல,” என்றார்.

சானா கணவனைப் பார்த்தாள். அவன் அங்கேயே மிர்வாவின் கையைக் குலுக்கிவிட்டான்.

தாய்ஸ்தோ காரில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னிக்கு என்ன சொல்லித் தொரத்தினே?”

“சவுனாவப் பத்திக் கேட்டாங்க. பரவாயில்லைன்னேன்.”

“அப்ப வித்துப்போச்சு,” என்றாள் ராய்லி. “என்கிட்டயும் அதத்தானே சொன்னே, நானும் அன்னிக்கே வந்துட்டேனே.”

தாய்ஸ்தோவுக்கு அழுகை வந்தது. கார்க் கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று குறை சொன்னார்.