ஓரகத்தியின் டைமர்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த நாற்காலி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் பேசப்போவதெல்லாம் அந்த இடத்துக்காகத்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தோம். அண்ணாமலையார் சாமி மேல் என் மாமனார் பாட்டுக் கட்டிப் பாடுவார். அதைக் கேசட்டாகப் போட்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைப் பக்கம் மேசை போட்டு என் வீட்டுக்காரர் விற்பார். தபேலா வாசித்தவர் சென்னையோடு போய்விட்டார். வேறு ஆள் அமையவில்லை. அப்போதுதான் நான் கிளம்பினேன். கணக்கில் பட்டம் வாங்கியவள், கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதவும் கற்றிருந்தவள். கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்து, எந்த அடி எப்போது விழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, கீபோர்டு தானாகவே தபேலா வாசிக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். அது முதன்முதலாக வாசித்தபோது மாமனார் எழுந்து நின்று கை தட்டினார். கேசட் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "தாளம் எங்க மருமவ போட்டதாக்கும்" என்றார். அதைக் காதால் கேட்கவே காபி டம்ளரோடு நான் கதவோரம் நிற்பேன்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. இல்லை என்று சாதிக்க மாட்டேன். பாட்டின் நடுவே தாளம் திடீரென்று தடுக்கும், பிறகு கொஞ்சம் இழுத்துக்கொண்டே போகும். வோல்டேஜ் என்று முடிவு கட்டினோம். எங்கள் ஊரில் டியூப்லைட் மினுக்கினாலும் வோல்டேஜ், மிக்ஸி முனகினாலும் வோல்டேஜ். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். ரெக்கார்டிங் நடக்கும்போது கீழே கிரைண்டர் ஓடக் கூடாது, மோட்டார் போடக் கூடாது, மாடியில் ஃபேன்கூடக் கூடாது என்று சட்டம் போட்டோம். ஊறப்போட்ட அரிசி அதுபாட்டுக்கு ஊறிக்கிடக்கும், நாங்கள் மேலே வியர்த்து வழிவோம். அப்படியும் தடுக்கும். "மெஷின் இழுக்குதும்மா" என்று மாமனார் பாட்டை நிறுத்துவார். நான் ஸ்டெபிலைசரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முதலிலிருந்து ஓடவிடுவேன்.

இப்படி இருக்கும்போது என் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேர்ந்தாள். கீழ்பென்னாத்தூரில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவள் எம்.சி.ஏ. படித்திருந்தாள். படிப்பு ஜாஸ்தி, பேச்சு கம்மி. பேச்சு கம்மியாக இருக்கிறவர்களை எல்லோருக்கும் எப்படித்தான் பிடித்துப்போகிறதோ! என் வாய் எப்படிப்பட்டது என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒருநாள் ரெக்கார்டிங் பார்க்க மாடிக்கு வந்து ஓரமாக நின்றாள். வழக்கம்போலத் தாளம் தடுக்கியது, மாமனார் நிறுத்தினார், நான் ஸ்டெபிலைசரைத் தட்டினேன்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. இது வோல்டேஜ் இல்லனு நெனைக்கிறேன்" என்றாள்.

"பின்ன இன்னாவாம்?"

"நீங்க மவுஸ நகத்தும்போதுதான் தடுக்குது. டைமர மாத்தணும்க்கா."

எந்த அடி ஓடுகிறது என்று திரையில் பார்க்க நான் மவுஸை நகர்த்திக்கொண்டே இருப்பது உண்மைதான். அவள் குனிந்து மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்தாள். தபேலா திக்கித் திணறியது. மாமனார் "அட!" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. அதுவரை அந்த "அட" எனக்கு மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் நேரம் சொல்ல ஒரே ஒரு டைமர் இல்லை, பல இருக்கின்றன. நான் எடுத்திருந்தது எல்லோரும் எடுக்கிற சாதாரண டைமர். இவ்வளவு நேரம் கழித்து என்னைக் கூப்பிடு என்றால் கூப்பிடும், ஆனால் கையில் வேறு வேலை இல்லாதபோதுதான். மவுஸ் அசைந்தால் முதலில் அதைக் கவனிக்கும், கடைசியில்தான் என் தபேலா. போதாததற்கு, ஒவ்வொரு அடிக்கும் முந்தைய அடியிலிருந்து நான் நேரம் எண்ணியிருந்தேன். ஒன்று பிந்தினால் பின்னால் வருவதெல்லாம் பிந்தும். அவள் சொன்ன டைமர் ஒலி வேலைகளுக்கென்றே தனியாக இருப்பது. மில்லி செகண்ட் கணக்கில் வந்து எழுப்பும். எழுப்பும்போதெல்லாம், பாட்டு தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்துக்கு உரிய அடியைப் போட வேண்டும். அப்போது ஒன்று பிந்தினாலும் அடுத்தது தன் இடத்தில் விழுந்துவிடும். எவ்வளவு எளிது! எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

கார்த்திகை தீபத்துக்குப் புதுக் கேசட் வர வேண்டும். யாருடைய புரோகிராமில் போடுவது? "ரெண்டுலயும் ஒருவாட்டி பாடிப் பாக்கறேன். எது தோதா இருக்குதோ அதுலயே போட்டுக்கலாம்" என்றார் மாமனார். ஜெயிக்கிறவள்தான் இனி ஸ்டுடியோவில் உட்காருவாள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அவள் மாடியில் உட்கார்ந்து எழுதிய நாட்களில், என் இடத்தில் அவள் முந்தானை தொங்குவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவைக்கிற துணியை எல்லாம் கல்லில் போட்டு அறைந்தேன். அவள் கீழே போன சமயம் பார்த்து நானும் அந்தப் புது டைமரை என் புரோகிராமில் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டது. சத்தம் போடாமல் பழையபடியே மாற்றி வைத்தேன்.

பரீட்சை நாள் வந்தது. முதலில் என்னுடையது. மவுஸைத் தொடவே இல்லை நான். மாமனார் பாடினார், இரண்டொரு இடத்தில் மெஷின் இழுக்குது என்று நிறுத்தினார், பிறகு பாடி முடித்தார். அடுத்தது அவளுடையது. ஃபேனைப் போட்டாள். கீழே கிரைண்டரையும் ஓடவிடச் சொன்னாள். பாட்டு முழுக்க மவுஸை அசைத்துக்கொண்டே இருந்தாள். திமிரைப் பாருங்கள்! தாளம் நூல் பிடித்தாற்போல் போனது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் மாமனார் இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டார். மறுபடி எடுத்தார். அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி நின்றார். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னாமோ ஓட்டமா ஓடுதும்மா இது. புடிக்க முடியல" என்றார்.

ஓரகத்தி சட்டென்று சொன்னாள்: "ஆமா மாமா, இது ரொம்ப வெறப்பா இருக்குது. அக்காவுதுதான் பாட்டுக்கு ஏத்தது. அதுலயே போட்டுடலாம்."

ஆகா, என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அன்றைக்குக் கேசரி கிண்டினேன். அவள் தட்டில் ஒரு கரண்டி கூடவே வைத்தேன்.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடுவேனா? அவள் தாளம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்ட வேண்டும் என்று அரித்தது. மறுநாள் மத்தியானம் பரீட்சையில் பதிவான கேசட்டைப் போட்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டேன். எங்கேயும் ஓடவில்லை. என் கைதான் அங்கங்கே தப்பியது, அது தப்பவில்லை. குரல்தான் பிந்தியது. வரி முடிகிற இடத்தில் மாமனாருக்கு மூச்சுப் போதவில்லை. இழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்கு வருவதற்குள் அடி தாண்டிப் போய்விட்டது. திருப்பித் திருப்பிப் போட்டேன். பிறகு முன்பு பாதியில் நிறுத்திய ரெக்கார்டிங் கேசட்டுகளையும் எடுத்துக் கேட்டேன். மெஷின் இழுத்தது என்று நாங்கள் அலுத்துக்கொண்ட இடங்களில் பாதிதான் மெஷின். மீதி அவர். என் டைமர் தப்பும் தவறுமாக ஓடியதால் எல்லாப் பழியையும் அதுவே வாங்கிக்கொண்டது. அவளுடையதில் பழி போட அவரைத் தவிர யாருமில்லை.

சமையற்கட்டில் ஓரகத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நேராகப் போய், "மாமா கொரலு போச்சினு ஒனக்கு அப்பவே தெரியுமா?" என்றேன்.

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "மெதுவாக்கா. முன்ரூம்லதான் இருக்காரு."

"தெரியுமா தெரியாதா?"

"அவரு இன்னும் பாடணும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

படிப்பில் மிஞ்சினாள், சரி. டைமரில் மிஞ்சினாள், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ஒரே மூச்சில் மாமனாரின் குரலைக் கேட்டு, புரிந்து, தான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதியதைத் தானே மட்டம் தட்டிப் பேசினாளே, அது எனக்குத் தோன்றியிருக்குமா? சத்தியமாகத் தோன்றியிருக்காது. நான் என்னுடையதுதான் சரி என்று ஊரைக் கூட்டியிருப்பேன். தீபத்துக்குக் கேசட் என் தாளத்தோடுதான் வந்தது. நல்ல விற்பனை. மாமனார் இருந்தவரை எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் அந்த விஷயம் தெரியாது. அதைச் சொல்லி அவள் என்னை ஒரே ஒரு தடவையாவது குத்திக்காட்டியிருந்தால், நானும் நன்றாகச் சண்டை போட்டு, அழுது, ஆறிப்போயிருப்பேன்.