இருபத்துமூன்றாம் திகதி டிக்கெட்

1994 மார்ச் 19, சனிக்கிழமை. காலை பதினொன்று இருபதுக்கு விமானம் பலெர்மோவின் புந்தா ராய்சி விமான நிலையத்தில் இறங்கியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலை, நடுவில் ஓடுபாதை. கிளீவ்லாந்தில் ஏறி, நியூயோர்க்கிலும் ரோமிலும் மாறி, இருபத்தொரு மணித்தியாலம் கழித்துத் தரையில் கால் வைத்தேன். வேலையில் எனக்கு ஒன்பது நாள் விடுமுறை. வந்த காரியம் ஒன்றே ஒன்று: என் தங்கை புவனாவையும் அவள் புருஷன் சிவத்தையும் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவது.

நான் அமெரிக்கக் குடிமகனான கையோடு அவளுக்கு விண்ணப்பம் போட்டவன். அப்போது அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அந்தக் கடதாசி எங்கோ ஓர் அலுமாரிக்குள் பத்து வருடம் தூங்கியது. அதற்குள் அவள் கலியாணம் செய்தாள், கொழும்புக்கு ஓடினாள், இத்தாலிக்கு வந்தாள், பலெர்மோவில் வீட்டுவேலைக்குச் சேர்ந்தாள். ஒருவழியாகப் போன டிசம்பரில் விசா குத்திக் கொடுத்தார்கள். ஏப்ரல் பத்தாம் திகதிக்குள் போய் இறங்கவேண்டும். தவறினால் விசா செத்தது, திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். பெப்ரவரியில் தொலைபேசி எடுத்தாள். ஒரே இரைச்சல். "அண்ணை, டிக்கெட் கட்டியாச்சு, மார்ச் இருபத்துமூண்டு" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் பாவவில்லை. வந்து கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று நானும் அதே திகதிக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்தேன்.

விமான நிலையத்துக்குச் சிவம் வந்திருந்தான். ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. மெலிந்துபோயிருந்தான். நகரத்துக்கு முப்பத்திரண்டு கிலோமீற்றர், பஸ்ஸுக்கு நாலாயிரத்தைந்நூறு லீரா, ஏறக்குறைய மூன்று டொலர். தேர்தல் காலம், மதிலெல்லாம் சிரிக்கிற முகங்கள்.

"இதிலை ஆர் வரி குறைக்கிறன் எண்டு சொல்லுறவன்?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் சொல்லுறாங்கள் மச்சான்" என்றான் சிவம்.

என்னைப் பற்றி வாசகர்களுக்கு இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒகையோவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஆலையில் அளவு பார்க்கிற வேலை. வாக்கு எப்போதும் குடியரசுக் கட்சியின் யானைச் சின்னத்துக்குத்தான். அரசாங்கம் என்பது வீட்டு வாசலோடு நிற்கவேண்டும், உள்ளே வரக்கூடாது. அந்த வருடம் வாஷிங்டனில் அரசாங்கமே எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கவேண்டும் என்று ஒரு திட்டம் கிளப்பியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அதைக் கிழித்துத் தொங்கவிடுகிற முதல் ஆள் நான்தான். அடுத்தது, அமெரிக்காவில் செய்த சாமானைத் தவிர வேறு எதையும் வாங்கமாட்டேன். இது வீம்பு அல்ல. வெளிநாட்டு உதிரிப்பாகம் மலிவாக வந்து எங்கள் ஊரில் மூன்று ஆலைகள் மூடின. என்னோடு வேலை செய்தவர்கள் வீட்டை விற்றுக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பிற்பகல் ஒரு மணி. சீசா என்ற பகுதியில் அவர்கள் வீடு: மூன்றாம் மாடி, இரண்டு அறை. புவனா புட்டும் சாளைமீன் குழம்பும் வைத்திருந்தாள். படியேறி வந்தவன் நான். மூச்சு வாங்கியது அவளுக்கு. அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து துவாய், கம்பளிச் சட்டை, டோர்ச் என்று ஒவ்வொன்றாக எடுத்து, "எல்லாம் எங்கடை நாட்டிலை செய்தது" என்று கொடுத்தேன். சிவம் டோர்ச்சைத் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இதிலை தாய்வான் எண்டு போட்டிருக்கு."

விற்ற கடைக்காரனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கை கழுவிவிட்டு, "டிக்கெட்டைக் கொண்டா பாப்பம், என்ரையும் அதே விமானமோ எண்டு பாக்கவேணும்" என்றேன். புவனா அலுமாரியிலிருந்து ஒரு சின்னப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். விமானப் படமும் இல்லை, இருக்கை எண்ணும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் பெயர், எழுபதாயிரம் லீரா, 23 மார்ச்.

"இது என்ன?"

"டிக்கெட்தான் அண்ணை. இருதயச் சோதனைக்கு."

"உனக்கென்ன விசரே? டிக்கெட் எண்டால் பிளேன் டிக்கெட்டெல்லோ!"

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். பிறகு சிவம் விளக்கினான். இத்தாலியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனைக்கு நோயாளி கட்டுகிற சிறு பங்குக்குப் பெயர் டிக்கெட். இத்தாலிக்காரர் அதற்கு வழங்குகிற சொல்லே அதுதான். இங்கிலீசுச் சொல்லைக் களவெடுத்து வேறு பொருளுக்கு வைத்திருக்கிறார்கள், நான் அதை நம்பிக் கடல் தாண்டி வந்திருக்கிறேன்! விசாவுக்கான வைத்தியச் சோதனையில்தான் டொக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு முகம் மாறினாராம். இருதய வால்வு ஒன்று பழுது. சிவம் இதையெல்லாம் விபரமாக எழுதிய கடிதம், நான் புறப்பட்ட அடுத்த நாள்தான் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பின்னர் மனைவி சொன்னாள்.

"நீங்கள் கடிதம் பாத்திட்டு, பயந்துபோய்த்தான் வாறியள் எண்டு நினைச்சன்" என்றாள் புவனா. நான் அந்தப் பற்றுச்சீட்டைத் திரும்பவும் வாசித்தேன்.

மார்ச் 21, திங்கள். காலை எட்டரைக்கு பஸ். புவனா வேலை செய்யும் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாள். எழுபது வயது தாண்டிய வீட்டுக்கார அம்மா, இவர்கள் சொல்லில் சிஞ்ஞோரா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. வழியில் சந்தையில் எலுமிச்சையும் கூனைப்பூவும் வாங்கினோம். வியாபாரிகள் தொண்டை கிழியக் கத்தியதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: நோஸ்த்ரானோ. எங்களூர்ச் சாமான் என்று அர்த்தமாம். சிஞ்ஞோரா அது தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடமாட்டாளாம்.

எனக்கும் அந்தக் கிழவிக்கும் பத்து நிமிடத்தில் ஒத்துப்போய்விட்டது. புவனா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். கிழவி ஸ்பெயின் எலுமிச்சையைத் திட்டினாள், நான் வெளிநாட்டுக் கார்களைத் திட்டினேன். வரி கூடிவிட்டது என்றாள், ஆமோதித்தேன். கம்யூனிஸ்ட்டுகளை நம்பக்கூடாது என்று சொல்லிச் சிலுவைக் குறி போட்டாள். சரியான ஆள் அகப்பட்டாள் என்று நானும் எடுத்துவிட்டேன்: அரசாங்க ஆஸ்பத்திரிதான் கம்யூனிசத்தின் முதல் படி.

புவனா மொழிபெயர்த்ததும் கிழவி எலுமிச்சை வெட்டின கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"ஆஸ்பத்திரியோ எண்டு கேக்கிறா. தான் பிழையாய் விளங்கியிட்டாவோ எண்டு கேக்கிறா."

"இல்லை, சரியாய்த்தான் விளங்கினவ எண்டு சொல்லு."

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்து, நீளமாக ஏதோ சொன்னாள். புவனா அதை முழுதாக மொழிபெயர்க்கவில்லை. "உங்களுக்குப் பசிக்குதாக்கும் எண்டு சொல்லுறா" என்று மட்டும் சொல்லி, ஒரு தட்டில் பாணும் சீஸும் வைத்தாள். புவனாவுக்குச் சோதனைத் திகதி கிடைக்க ஆஸ்பத்திரியில் போய் நின்று சத்தம் போட்டவளே இந்தக் கிழவிதான் என்று திரும்பி வரும்போது தெரிந்தது.

மார்ச் 23, புதன். என் விமானம் நான் இல்லாமலே பறந்தது. எழுபத்தைந்து டொலர் தண்டம் கட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருந்தேன். ஆஸ்பத்திரியைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். சுவரில் வர்ணம் உரிந்திருந்தது. மூன்று மணித்தியாலம் ஒரு மரவாங்கில் காத்திருந்தோம். நோயாளிக்குக் கரண்டியும் தண்ணீர்ப் போத்தலும் வீட்டிலிருந்துதான் வருகிறது. 'இதைத்தான் எங்கள் தலையிலும் கட்டப் பார்க்கிறார்கள்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கடைசியில் கூப்பிட்டார்கள். இளம் டொக்டர், பொறுமையானவர். படம் கீறிக் காட்டினார். வால்வை மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட ஏலாது. வருகிற செவ்வாய், 29ஆம் திகதி, சத்திரசிகிச்சை செய்யலாம், கட்டில் இருக்கிறது. அதன் பிறகு குறைந்தது இரண்டு மாதம் விமானப் பயணம் கூடாது.

"எவ்வளவு காசு முடியும் எண்டு கேள்" என்றேன்.

புவனா கேட்டாள். டொக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் படுப்பவருக்கு டிக்கெட் இல்லை என்றார்.

பின்னேரம் தொலைபேசிக் கடையிலிருந்து என் மனைவி சரோஜாவுக்கு எடுத்தேன். சிவத்தின் கடிதத்தைப் பார்த்த கையோடு அவள் விசாரித்து வைத்திருந்தாள். என் கொம்பனி இன்சூரன்ஸ் தங்கைக்குச் செல்லாது. தனியாக எடுக்கலாமென்றால், ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குத் தரமாட்டார்கள். காசு கட்டிச் செய்வதென்றால் எங்கள் வீடு போகும். "போனால் போகட்டும்" என்றேன். சரோஜா மறுக்கவில்லை. "முதல் அவளைக் கேளுங்கோ" என்றாள்.

மார்ச் 24, வியாழன், பிற்பகல் மூன்றரை. ஸ்ஃபெர்ராகவால்லோ. சிவம் வேலை செய்யும் கடையின் பின்பக்கம், வள்ளங்கள் இழுத்து விட்டிருந்த இடத்தில் மூவரும் இருந்தோம். நான் எல்லாவற்றையும் அடுக்கினேன். ஏப்ரல் பத்துக்குள் வந்து இறங்கினால் போதும். வைத்தியம் உலகத்திலேயே சிறந்தது. செலவுக்கு வீட்டை விற்கலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

"வரமாட்டன்" என்றாள் புவனா.

"பத்து வருசமடி! பத்து வருசம் காத்திருந்த விசா!"

"ஓம், தெரியும். போகட்டும்."

"உனக்கு இந்தத் துருப்பிடிச்ச கட்டில்தான் வேணுமோ?"

அவள் ஒருபோதும் என் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "அண்ணை, வந்த நாள் தொடக்கம் நீங்கள் என்ன சொல்லுறியள்? இருக்கிற ஊரிலை செய்த சாமானைத்தான் வாங்கவேணும் எண்டு. நான் இஞ்சை ஏழு வருசமாய் நிலம் துடைக்கிறன். வரி கட்டுறன். அந்த ஆஸ்பத்திரியிலை என்ரை காசும் கிடக்கு. இப்ப நானும் இஞ்சத்தைச் சாமான்தான், நோஸ்த்ரானோ. என்னை இஞ்சையே திருத்தட்டும். என்ரை நெஞ்சைக் கொண்டுவந்து உங்களை வீடு விக்கவைக்க நான் வரேல்லை."

சிவம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வாதத்தில் நான் தோற்பது அபூர்வம். என் சொல்லாலேயே தோற்றது அதுதான் முதல்தரம்.

சரி, அப்படியானால் செவ்வாய்வரை நின்று, அவள் கண் விழித்த பிறகுதான் போவது என்று முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை அவளைக் கட்டிலில் சேர்த்தார்கள். பின்னேரம் நாலு மணிக்கு, அங்கே காலை பத்து மணி, ஆலைக்குத் தொலைபேசி எடுத்தேன். போர்மன் நல்ல மனிதன், பன்னிரண்டு வருடப் பழக்கம். நயமாகத்தான் சொன்னான். லீவு முடிந்தது. ஆட்குறைப்புப் பட்டியல் மேலிடத்தில் கிடக்கிறது. திங்கள் நீ மெஷினடியில் இல்லையென்றால் உன் பெயரை என்னால் மறைக்க ஏலாது. வேலை போனால் இன்சூரன்ஸும் போகும். சரோஜாவுக்கு நீரிழிவு, நாளுக்கு இரண்டு ஊசி. அந்த ஊசி மருந்து என் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

தொலைபேசிக் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன தூரம் முழுவதும் ஒரு கணக்கைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒரே விடை.

மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு. தெருவெல்லாம் ஒலிவ் கிளையும் குருத்தோலையுமாகச் சனம். காலை ஒன்பதுக்கு ஆஸ்பத்திரியில் விடைபெறப் போனேன். "நிக்கிறன்" என்றேன், நிற்க முடியாதென்று தெரிந்துகொண்டே.

"விசர்க்கதை கதையாதேங்கோ. அண்ணியின்ரை மருந்துக்கு என்ன செய்வியள்? போங்கோ. எனக்கு அவர் இருக்கிறார், சிஞ்ஞோரா இருக்கிறா." பிறகு தலையணையடியிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துத் தந்தாள். வார்ட்டின் தொலைபேசி எண், அதன் கீழ் தமிழ் எழுத்தில் ஒரு வசனம். "ஆரெண்டு தெரியாட்டில் கதைக்கமாட்டினம். இதைச் சொல்லுங்கோ: சோனோ இல் ஃபிராத்தெல்லோ. நான் சகோதரன் எண்டு அர்த்தம்."

அவள் முன்னால் அழக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினேன். பஸ்ஸில் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் தன் ஒலிவ் கிளையில் ஒரு சின்னக் கொப்பை முறித்து என் கையில் வைத்தார்.

என் கருத்துகளை நான் பலெர்மோவில் விட்டுவிட்டு வரவில்லை. யானைக்குத்தான் இன்னும் வாக்குப் போடுவேன், ஊர்ச் சாமானைத்தான் வாங்குவேன். அந்தச் சுவர்களுக்கு வர்ணம் அடிக்கத் துப்பில்லாத அரசாங்கத்தை மெச்சவும் மாட்டேன். ஆனால் தங்கையின் நெஞ்சைத் திறக்கிற நாளில் அவள் பக்கத்தில் நிற்க விடாமல் என்னை இழுத்தது எது என்று ஆலையில் யாரும் கேட்டால், உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 29, செவ்வாய். ஆலை. பகல் பன்னிரண்டு, பலெர்மோவில் மாலை ஏழு. சாப்பாட்டு மேசையில் அரசாங்க வைத்தியத்தைப் பற்றிய சண்டை தொடங்கியிருந்தது, என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்கள். நான் சுவரோடிருந்த தொலைபேசிக்குப் போனேன். நாலாம் தரம்தான் வார்ட் கிடைத்தது. ஒரு தாதியின் குரல்.

"சோனோ இல் ஃபிராத்தெல்லோ" என்றேன்.

"ஆ!" என்று குரல் மலர்ந்தது. மளமளவென்று பொழிந்தாள். அதில் 'பேனே, பேனே' என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. நல்லது, நல்லது. சுவரில் சாய்ந்தேன். பிறகு அவள் ஏதோ ஒரு கேள்வி கேட்டாள். பஸ் எங்கே, தெரு எங்கே என்று அந்த வாரம் முழுக்க நானே கேட்டுத் திரிந்த சொல் அதில் இருந்தது: தோவே. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கீழேதான் நிற்கிறேன், மேலே வரச் சொல்லலாம் என்று அவள் நினைத்திருக்கவேண்டும்.

"ஒகையோ" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "தோவே?" என்று மறுபடி கேட்டாள்.