நான்காவது மைல் துரை

நேற்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். காலை நீட்டலாமென்று இறங்கினேன். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பிடுங்கிப் போட்ட மைல் கல் ஒன்று பள்ளத்தில் குப்புறக் கிடந்தது. புரட்டிப் பார்க்காமலே தெரிந்தது, நான்காவது மைல். ஐயா, அதில்தான் என் துரை உட்கார்ந்திருப்பார்!

துரை என்றால் என் சிநேகிதன் காதர். நாற்பது வருஷத்துக்கு முந்தின கதை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முகாம் வரும் வெள்ளைக்கார துரையின் ஆபீசில் குமாஸ்தா வேலை ஒன்று காலி. "அது கெடைக்கலைன்னா கொழும்புல மாமன் மொளகாக் கடைக்குக் கப்பலேறு" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ மிளகாய் நெடி பட்டாலே தும்மல்.

எனக்குத் துணையாகக் காதரும் மனுப் போட்டான். தினமும் சாயங்காலம் இந்தச் சாலையில் நடந்தபடியே இங்கிலீஷில் பேட்டிக்குத் தயாரானோம். நான்காவது மைல் கல் வந்தால் போதும், காதர் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து துரையாகிவிடுவான். "ஒய் டு யூ வான்ட் திஸ் போஸ்ட்?" என்பான். நான் எதிரே நின்று ஒப்பிக்க வேண்டும். "சத்தம் பத்தலை. தொரைக்குக் காது மந்தமா இருந்தா?" என்று மறுபடி சொல்ல வைப்பான். "செத்த நேரம் நான் தொரையா இருக்கேம்லே" என்று கெஞ்சினால் எழுந்து நடந்துவிடுவான். பதில் சொல்ல அவன் ஒருநாளும் பழகவில்லை.

பேட்டி நாள். கூடாரத்துக்குள் துரை என்னைப் பார்த்து, "உமது தகப்பனார் சுகமாயிருக்கிறாரா?" என்று தமிழில் கேட்டார். என் இங்கிலீஷைச் சோதிக்க ஏதோ தந்திரம் செய்கிறார் என்று நினைத்து, "எஸ், சார்! வெரி வெல், சார்!" என்று கத்தினேன்.

"தமிழில் சொல்லும்."

விடுவேனா? "எஸ், சார்!"

கடைசிவரை ஒரு தமிழ் வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த பிறகுதான் வாசலில் நின்ற துரையின் சேவகர் சொன்னார்: "அடுத்த மாசம் அவியளுக்குத் தமிழ்ப் பரீட்சை. பேசிப் பழக ஆள் தேடுதாவ."

அடுத்து காதர். உள்ளே போனவன், துரை தமிழில் பேச்செடுத்ததும், பழக்க தோஷத்தில் அவரையே தமிழில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். "தொரைக்கு எந்த ஊரு? கூடப் பொறந்தவுக எம்புட்டுப் பேரு? நம்ம ஊரு சாப்பாடு ஒத்துக்கிடுதா?" துரை தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றுக்கும் தமிழில் பதில் சொல்வது வெளியே எனக்குக் கேட்டது. அரைமணி நேரம்! வேலை காதருக்கு.

இருவரும் திரும்பி நடந்தோம். நான்காவது மைலில் காதர் உட்கார்ந்தான், கால்மேல் கால் போடாமல். "ஏலே, எனக்கு வேணாம்னு சொல்லிட்டு வரட்டுமா? பொறவு ஒன்னயக் கூப்பிடுவாவ."

ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் அந்த உத்தரவுக் காகிதத்தை அவன் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் வீட்டில் அதுவரை யாரும் சர்க்கார் வேலை பார்த்ததில்லை.

"நோ, சார்" என்றேன். சத்தம் பத்தலை என்று அவன் சொல்லவில்லை.

கொழும்பில் முப்பது வருஷம் தும்மினேன். கடைக்கு வந்த ஒருவரும் என்னிடம் இங்கிலீஷ் பேசவில்லை. நான் ஊர் திரும்புவதற்குள் காதர் காலமாகிவிட்டான்.

பஸ் புறப்பட்டது. "பெரியவரே, டிக்கெட் எதுவரைக்கும்?" என்றார் அப்போதுதான் என் வரிசைக்கு வந்த கண்டக்டர்.

"நாலாவது மைல்" என்று என்னையறியாமல் வந்துவிட்டது.

"அப்படி ஒரு இடமே கெடையாதே" என்றார்.

நல்ல சத்தமாகத்தான் சொல்லியிருந்தேன்.