பொடிசின் வயிற்றுப்பாடு

எங்கள் டிரைவர் அண்ணனுக்கு அருவருப்பு அதிகம். பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு தூரமாய்ப் போய் நின்றுவிடுவார். மண்ணள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதெல்லாம் கண்டக்டரான என் தலையில். "இது உன் டிபார்ட்மென்ட்டுப்பா" என்பார். கல்யாணமாகி நெடுநாள் கழித்து அண்ணி உண்டானபோது, "அண்ணே, குழந்தைத் துணியை யாரு அலசப்போறது?" என்று டிப்போவே அவரைப் பிடித்துக்கொண்டது. இரட்டை என்று தெரிந்ததும் கேலியும் இரட்டிப்பாயிற்று.

நாள் நிறைவதற்கு வெகு முன்பே இரண்டும் பிறந்துவிட்டன. இரண்டும் பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில் இரண்டின் வயிறும் ஒன்றன்பின் ஒன்றாக உப்பின. குறைமாதத்தில் பிறந்தவற்றுக்குச் சில சமயம் குடல் அழுகிப்போகுமாம். பெரியவள் ஆபரேஷனுக்கு எடுத்துப்போகும் முன்பே போய்விட்டாள். சின்னவளுக்கு அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, மிச்சக் குடலின் மேல்முனையை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே வைத்துத் தைத்தார்கள். கீழ்முனைக்கு, அதன் பக்கத்திலேயே இன்னொரு சின்னத் துளை.

அண்ணன் ஒரு மகளை அடக்கம் பண்ணிவிட்டு நேராக இன்னொரு மகளைப் பார்க்க வந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். விரல் நீளம்கூட இல்லாத வயிற்றில், உள்ளுதடு போலச் சிவந்து ஈரமாக ஒரு துண்டுக் குடல். அதன்மேல் ஒட்டிய பையில் மஞ்சள் தண்ணீர். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணி உள்ளேயே வரவில்லை.

"பெரியவளைப் பார்த்த கண்ணால இதையும் பார்க்கச் சொல்லாதீங்க. என்னால முடியாதுங்க."

பையை மாற்றவும் சுற்றியுள்ள தோலைத் துடைக்கவும் வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் வார்டின் மூத்த நர்ஸ். "அம்மாவா, அப்பாவா?"

"நான்தான்" என்றார் அண்ணன். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

முதல் தடவை பையைப் பிரித்ததும் ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"வலிக்குமா சிஸ்டர்?"

"குடலைத் தொட்டா வலி தெரியாது. கசிஞ்சு தோல்ல பட்டாத்தான் எரியும். அதனால பையில ஓட்டையை அளவா வெட்டுங்க."

கியர் மாற்றிக் காய்ப்பேறிய கை, சின்னக் கத்தரிக்கோலைப் பிடித்து வட்டம் வெட்டப் பழகியது.

ஆனால் பொடிசு தேறவில்லை. வார்டில் அவளுக்கு அதுதான் பேர். கொடுக்கிற பால் உடம்பில் ஒட்டும் முன்பே பைக்கு வந்துவிடும். ரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்றினார்கள். நாள்பட ஏற்றியதில் ஈரல் சோர்ந்து, கண் மஞ்சளாயிற்று. பையில் போகிற தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது, உப்பில்லாமல் எடை ஏறாது என்று சிறுநீரைச் சோதித்துச் சொன்னார் டாக்டர். பாலோடு கணக்காக உப்பு மருந்து சேர்த்ததும் எடை கொஞ்சம் ஏறிற்று. பிறகு நின்றுவிட்டது.

அதன் பிறகுதான் டாக்டர் இன்னொரு வழி சொன்னார். மேல் துளையில் வருவதை ஊசிக்குழலில் எடுத்து, மெல்லிய குழாய் வழியாகக் கீழ்த் துளைக்குள் சிறுகச் சிறுக விடுவது.

அண்ணன் பதறிப்போனார். "பையில வர்றதைத் திரும்பவும் உள்ளயா?"

"அது கழிவில்லைங்க" என்றார் நர்ஸ். "பாதி வழி வந்த சாப்பாடு. தண்ணியும் உப்பும் உறிஞ்சுற குடல் கீழ சும்மா கிடக்கு. அதுக்கு வேலை கொடுக்கணும்."

அண்ணன் ஊசிக்குழலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பாலம் உடைஞ்சிருக்கு. ஆளுங்களை இறக்கி அக்கரையில வேற வண்டியில ஏத்துறோம். அதானே?"

"அதேதான்" என்று நர்ஸ் சிரித்தார்.

அண்ணி இத்தனை நாளும் பால் பீய்ச்சி அண்ணன் கையில் கொடுத்தனுப்பிக்கொண்டுதான் இருந்தார். ஒரு காலை அண்ணன் பால் வாங்க வரத் தாமதமாகவே, பாலை எடுத்துக்கொண்டு தானே வாசல்வரை வந்தார். உள்ளே புருஷன் முகம் சுளிக்காமல் அந்த மஞ்சள் தண்ணீரை ஊசிக்குழலில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"அது என்னங்க?"

"உன் பால்தான். பாதி தூரம் வந்திருக்கு."

அண்ணி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். முதல்முறையாக அந்த வயிற்றைப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் வந்து, அவர் குழலைப் பிடிக்கும்போது குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் இடுப்புத்துணியை மாற்றப்போன அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். துணியில் மஞ்சளாய் ஒரு தீற்றல். வர வேண்டிய வழியாகவே வந்திருந்தது. "சிஸ்டர், சிஸ்டர்!" என்று கூவினார். அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கீழே உட்கார்ந்து, பெரியவள் போன அன்று அழாத அழுகையை அழுது தீர்த்தார். யாரும் தடுக்கவில்லை.

அதன் பிறகு எடை ஏறிற்று. ரத்தக்குழாய் வழிச் சத்தைக் குறைத்து நிறுத்தியதும் கண் மெல்லத் தெளிந்தது. உடம்பு தேறியபின் குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். சேர்த்த குடல் சில நாள் அசையாமல் கிடந்து எல்லோர் உயிரையும் வாங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கிற்று.

இப்போது பொடிசு பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பிலேயே குட்டை. குடல் நீளம் குறைவு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். அவ்வப்போது சத்து ஊசி போட வேண்டும். பேதி கண்டால் ஒரே நாளில் வாடிப்போவாள். நேற்று அப்படித்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் லீவு. நான் வேறு டிரைவரோடு ஓடிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் பேசினேன், கஞ்சித்தண்ணீர் உள்ளே தங்குகிறது என்றார்.