செல்வியை வேறு பள்ளிக்கு மாற்றினேன்

எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். கடைக்குட்டி செல்வி ஒன்றாம் வகுப்பிலிருந்து திண்டுக்கல்லில் ஒரே தனியார் பள்ளியில் படித்தாள். தொண்ணூறுகளின் கடைசியில், பத்தாம் வகுப்புக்கு அவளை மார்க்குக்குப் பேர்போன வெளியூர் விடுதிப் பள்ளிக்கு மாற்றினேன். என் மகள் டாக்டராக வேண்டும் என்ற வீம்பு.

"இங்கயே படிக்கிறேம்மா. அங்க எனக்கு யாரையும் தெரியாது" என்று அழுதாள்.

"டாக்டராகி வந்து எனக்கு ஊசி போடு, அப்ப நானும் அழுகுறேன்" என்றேன்.

முதல் தடவை பார்க்கப் போனபோது மல்லிகைச் சரம் கட்டி எடுத்துப்போனேன். இடுப்புவரை இருந்த அவள் முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். தலைவாரும் நேரத்தில் படிக்கலாமாம். பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்மா."

"முடிதானடி, வளந்துரும். ஊருக்குள்ள என் மானத்த வாங்காத" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அரையாண்டுக்குள் சோறும் பேச்சும் நின்றுபோய், எலும்பாகத் திரும்பி வந்தாள். பழைய பள்ளியில், பரீட்சைக்குப் பெயர் அனுப்பியாயிற்று, இனிமேல் சேர்க்க முடியாது என்றார்கள். அதன்பின் அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

இப்போது முடி பழையபடி இடுப்புவரை இருக்கிறது. விடியலில் என்னோடு பூப்பறிக்கிறாள். ஒரு பூக்கூடத் தலையில் வைப்பதில்லை. ஏனென்று கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

அவள் மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏத்தா, அம்மாச்சி எழுதுனத வாசி. அடுப்படியில இருக்கிற உங்கம்மாவுக்குக் கேக்குற மாதிரி, சத்தமா வாசி."