மால்ட்டா ஹோட்டலுக்கு வந்த புட்டு

ஏப்ரல் மாதத்து இரண்டாம் ஞாயிறு மாலை, லண்டன் சட்டனில் இருக்கும் என் தம்பி அனுப்பிய செய்தி இது: “அக்கா, போறதெண்டே முடிவெடுத்திட்டியள் எண்டால் இதுகளை ஒருக்கா வாசியுங்கோ. நகை போட வேண்டாம். பொழுதுபட்டால் வெளிக்கிட வேண்டாம். தெரியாத ஆக்களோடை கதைக்க வேண்டாம், அவை தாற ஒண்டையும் வாயிலை வைக்க வேண்டாம். எந்த ஹோட்டல் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். எனக்கு உடனை சொல்லுங்கோ.”

வாட்ஸப்பில் வருவதைத் திகதியோடு எழுதி வைப்பது என் வழக்கம். தொலைபேசி மாறும்போது பழைய செய்திகள் போய்விடுகின்றன. அன்று எழுதும்போது கடைசி இரண்டு வசனங்களும் ஒன்றோடொன்று இடிப்பதாக எனக்குப் படவில்லை. தம்பி “ஒருத்தர்” அல்லவே.

நானும் லண்டனில்தான், மோர்டனில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார், கவுன்சில் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். பிரமிட்டுகளை விடப் பழைய கற்கோயில்கள் மால்ட்டாத் தீவில் இருக்கின்றன என்று பல வருடங்களுக்கு முன் வாசித்ததிலிருந்து அவற்றைப் பார்க்கும் ஆசை இருந்தது. கூட வருவதாக இருந்த சிநேகிதிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை என்றாகிவிட்டது. பதிவு செய்த பயணத்தை நான் மட்டும் போவதென்று முடிவெடுத்தேன். தம்பி தடுக்கவில்லை. “இந்த முறை எப்பிடிப் போகுது எண்டு பாப்பம்” என்றான். இனிமேலும் நான் தனியாகப் போகலாமா என்பது இந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியிருந்தது. அவனுடைய அனுமதி எனக்குத் தேவையில்லை. ஆனால் அவனுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது.

பெண்கள் தனியே பயணம் செய்வது பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடியது. ஓரிடத்தில், உள்ளூராரோடு நட்பாகப் பழகுங்கள் என்றிருந்தது. இன்னோரிடத்தில், யாரோடும் அதிகம் சிரிக்காதீர்கள் என்றிருந்தது. தம்பியின் மகள், எனக்கு மருமகள், பல்கலைக்கழகத்தில் படிப்பவள், தனியாகப் பல நாடுகள் சுற்றியவள், தன் பங்குக்கு ஒரு வெள்ளி மோதிரத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

“மாமி, இதை இடக்கையிலை போடுங்கோ. ஆரும் வழிஞ்சா, ஹஸ்பண்ட் ரூமிலை நித்திரை எண்டு சொல்லுங்கோ.”

“உன்ரை அப்பா நகை போட வேண்டாம் எண்டவர்.”

“இது நகை இல்லை மாமி, சேஃப்டி.”

“அறுபது வயதிலை என்னட்டை ஆரடி வழியப் போறாங்கள்?”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ. நீங்கள் இன்னும் ஸ்மார்ட்தான்” என்று சிரித்தவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “லொகேஷன் ஷெயர் பண்ணுங்கோ. ஆனா ஒராளுக்கு மட்டும்” என்றாள்.

அந்த ஒராளாகத் தம்பியையே வைத்துக்கொண்டேன். மால்ட்டாவில் இறங்கியதும் ஹோட்டலின் பெயரையும் அறை இலக்கத்தையும் அவனுக்கு மட்டும் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

இரண்டாம் நாள் மாலை, வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. என் அறை இலக்கத்தைச் சொல்லி, என்னைப் பார்க்க ஓர் ஆண் வந்திருக்கிறார் என்றார்கள். மோதிரம் விரலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். கீழே போனால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் துணிப்பையோடு எழுந்து நின்றார்.

“அக்கா, வணக்கம். லண்டனிலை இருந்து அண்ணை சொன்னவர், நீங்கள் தனிய வந்து நிக்கிறியளாம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தனான். மச்சம் சாப்பிடுவியளோ தெரியேல்லை, அதுதான் மரக்கறி.”

“எந்த அண்ணை?”

“உங்கட அண்ணைதான்.”

எனக்கு அண்ணை இல்லை, தம்பிதான் இருக்கிறான். ஆனால் எங்களுக்குள் யாரும் யாரையும் அண்ணை என்று சொல்வதுண்டு. அவர் பெயர் சொன்னார். சொன்ன மறு நிமிடமே எனக்கு மறந்துவிட்டது. மனம் முழுவதும் தம்பியின் செய்தியில் இருந்தது. தெரியாத ஆள். கதைக்கக்கூடாது. அவர் தருவதை வாயில் வைக்கக்கூடாது. இதெல்லாம் சரி. ஆனால் நான் தனியாக வந்திருப்பது தெரிந்தவர், என் அறை இலக்கம் தெரிந்தவர், யாழ்ப்பாணத்துத் தமிழில் அக்கா என்று கூப்பிடுபவர், புட்டு அவித்துக்கொண்டு வந்தவர், எப்படித் தெரியாத ஆள் ஆவார்? தம்பிக்கு அழைத்தேன். அவன் ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை.

“நாளைக்கு எங்கை போறியள்?” என்று கேட்டார்.

கற்கோயிலுக்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். “இன்னும் யோசிக்கேல்லை” என்றேன்.

“நான் காரிலை கொண்டுபோய்க் காட்டுவன். தனியத் திரியாதேங்கோ அக்கா, காலம் சரியில்லை.”

வேண்டாம், குழுவாகப் போகிறோம் என்று பொய் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. பையைத் தந்துவிட்டுப் போனார். அறைக்கு வந்து கதவைப் பூட்டி, கதிரையை இழுத்துக் கதவுக்கு முண்டு கொடுத்துவிட்டு, பொதியைப் பிரித்தேன். முகர்ந்து பார்த்தேன். அதன்பின் சாப்பிட்டேன். இரண்டு நாளாகப் பாணும் பாற்கட்டியும் சாப்பிட்டவருக்கு மட்டுமே அது விளங்கும்.

அடுத்த நாள் பஸ்ஸில் கற்கோயிலுக்குப் போனேன். கடலைப் பார்த்த மேட்டில், தேன் நிறக் கற்கள். இவ்வளவு காலம் காத்திருந்து பார்க்கப் போன கற்களை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் நின்ற ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை, அவரைப் போலவே ஒருவர் தூரத்தில் கையை உயர்த்தியதாகத் தோன்றியது. என்னைக் காவல் காக்க வந்தவரா, பின்தொடர்ந்து வந்தவரா, தன் மனைவியைக் கூப்பிட்ட யாரோ ஒரு உல்லாசப் பயணியா, இன்றும் தெரியாது.

அன்று மாலை தம்பி தொலைபேசியில் பிடிபட்டான். “ஓம் ஓம், நான்தான் சொன்னனான். நல்ல ஆக்கள். பயப்பிடாதேங்கோ” என்றான். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. மிச்ச நாள்கள் அப்படியே கழிந்தன.

லண்டன் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சட்டனில் மதியச் சாப்பாடு. அந்த மனிதருக்கு நன்றி சொல்ல இலக்கம் தா என்று தம்பியிடம் கேட்டேன். அவன் பெருமையோடு, வெஸ்ட் ஈலிங் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் சந்திக்கும் தன் கூட்டாளிக்கு எங்கள் முன்னாலேயே அழைத்தான். மால்ட்டாவில் கூட்டாளியின் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம்தான் சொல்லி வைத்ததாம். கூட்டாளியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

“ஐயோ அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அவளுக்கு அந்தக் கிழமை முழுக்க வேலையாம், போக ஏலாமப் போச்சு.”

“அவளோ?” என்றேன் நான்.

“என்ரை மனுசியின்ரை தங்கச்சி அக்கா. அங்கை நேர்ஸ்.”

வந்தது ஆண் என்று தம்பி சொன்னான். கூட்டாளி யோசித்தார். பிறகு, அவளால் முடியாது என்றதும், தங்கள் ஊர் ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டதாகச் சொன்னார். லண்டனிலிருந்து ஒரு அக்கா தனியாக வந்து நிற்கிறா, அங்கே யாரும் இருந்தால் போய்ப் பாருங்கோ என்று. ஹோட்டல் பெயரோடு. அறை இலக்கத்தோடு.

“அப்பா!” என்றாள் மருமகள். “மாமியின்ரை ரூம் நம்பரை இன்டர்நெட்டிலை போட்டிருக்கிறியள்!”

“இன்டர்நெட் இல்லையடி. எங்கட ஆக்கள்” என்றான் தம்பி.

“எத்தனை பேர்?”

“எனக்கென்ன தெரியும்? பாரிஸ், கனடா, சுவிஸ்... எல்லாம் எங்கட ஆக்கள்தானே.”

“அங்கிள், அதிலை ஆர் போனது?”

“தெரியேல்லைப் பிள்ளை. ஒருத்தரும் போனன் எண்டு எழுதேல்லை.”

தம்பி சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னான்: “எண்டாலும் புட்டெல்லோ கொண்டுவந்தவர். கெட்டவன் புட்டு அவிச்சுக்கொண்டு வருவானே?”

மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை, கோபப்படவும் முடியவில்லை. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது எல்லோரும் என்னைக் கவனித்ததாலா, எல்லோருக்கும் சொன்ன பிறகும் தப்பியதாலா? அடுத்த முறையும் தனியாகப் போவதா என்பது, இந்த இரண்டில் எது உண்மை என்பதைப் பொறுத்திருந்தது.

அடுத்த நாளே கூட்டாளி எனக்காகக் குழுவில் கேட்டார்: மால்ட்டாவில் அக்காவுக்குப் புட்டுக் கொண்டுபோனவர் யார், அவ நன்றி சொல்ல வேணுமாம். கும்பிடும் கைகள் பல வந்தன. இதயங்கள் வந்தன. அக்கா சுகமாக வந்து சேர்ந்தாவோ என்று ஒருவர் கேட்டார். நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. குழுவில் வரும் எதையும் பார்க்காதவர்கள் பலர் இருக்கிறார்கள் என்றார் கூட்டாளி. அது சரியாகவும் இருக்கலாம்.

செப்டெம்பரில் சிசிலிக்குப் பதிவு செய்திருக்கிறேன், தனியாக. அறை இலக்கம் மருமகளுக்கு மட்டும். தம்பிக்கு அது மனவருத்தம். ஒரு வாரமாக அவன் அழைக்கவில்லை.

புட்டுக் கொண்டுவந்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவரா, அல்லது வேறு வழியில் என் அறை இலக்கத்தை அறிந்தவரா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.